எச்சிலா, இரத்தமா? ஒரு தாபரிப்பு வழக்குக்கு டி.என்.ஏ. மாதிரி எடுத்த விதம்

"என்னாங்க மிஸ், எச்சிய வச்சா அப்பன் யாருன்னு சொல்லப் போறாங்க? ரத்தத்த எடுங்க. ரத்தந்தான் பொய் சொல்லாது."

சொன்னவர் பிள்ளையின் அம்மாயி. ஹட்டனில் நான் வேலை செய்யும் சேகரிப்பு நிலையத்தின் வாசலில், நனைந்த குடையை மடக்கிக்கொண்டே சொன்னார். அந்த வழக்கில் எல்லாவற்றுக்கும் அடித்துக்கொண்ட இரண்டு குடும்பங்களும் இந்த ஒரு விடயத்தில் மட்டும் ஒரே கட்சி. தந்தை என்று சொல்லப்பட்ட இளைஞருக்கு இரத்தம்தான் வேண்டும். அவருடைய அம்மாவுக்கும் அதுதான். சட்டத்தரணிகளில் ஒருவர்கூட "ப்ளட் எடுத்தால் பிறகு கேள்வி வராது, இல்லையா?" என்று கேட்டார். கடைசியில் ஒரு சொட்டு இரத்தம் எடுக்காமல் வேலை முடிந்தது. ஏன் அப்படி முடிவெடுத்தோம் என்பதைத்தான் எழுதுகிறேன்.

நான் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். எங்கள் நிலையத்துக்கு வருவதில் பெரும்பகுதி சீனி, கொலஸ்ட்ரோல், டெங்குக் காலத்தில் பிளேட்லெட், வெளிநாடு போகிறவர்களின் பரிசோதனைகள். தந்தைமைப் பரிசோதனை வருடத்துக்கு ஒரு சிலதான். நாங்கள் மாதிரியை எடுத்துக் கொடுப்போம், பகுப்பாய்வு கொழும்பில் நடக்கும். ஆட்களை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை மாற்றியோ விட்டோ எழுதியிருக்கிறேன்.

வழக்கு

தாய்க்கு இருபத்து மூன்று வயது. நோர்வூட்டுக்கும் மஸ்கெலியாவுக்கும் நடுவே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், தன் அம்மாவோடு இருக்கிறார். பிள்ளை ஆண், ஏழு மாதம். தந்தை என்று அவர் சொல்பவர் தோட்டத்தின் அடுத்த டிவிசன் (பகுதி) இளைஞர், கொழும்பில் ஒரு கடையில் வேலை. பதிவுத் திருமணம் இல்லை. திருமணமாகாத பெற்றோர் இருவரும் சேர்ந்து கேட்டால்தான் பிறப்புப் பதிவில் தந்தையின் பெயர் ஏறும் என்பதால், சான்றிதழில் அந்தக் கூடு வெறுமையாகக் கிடந்தது.

1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ், பிள்ளையின் பராமரிப்புச் செலவு கேட்டு, அவர் நீதவான் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். சட்ட உதவி ஆணைக்குழு வழியாகச் சட்டத்தரணி கிடைத்தார். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் இந்தச் சட்டத்தில் தாபரிப்பு உண்டு. ஆனால் இன்னார்தான் தந்தை என்று நீதவான் திருப்திப்படும் அளவுக்குச் சான்று வேண்டும். இளைஞர் மறுத்தார். அப்புறம் இரு தரப்பும் டி.என்.ஏ. பரிசோதனைக்குச் சம்மதித்தார்கள், ஆய்வுகூடத்தையும் ஒத்துக்கொண்டார்கள்.

இடையில் ஒன்று. தாய் வேறொருவரை முறைப்படி மணந்திருந்தால் கதையே வேறு. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 112ஆம் பிரிவின்படி, திருமணம் நிலைத்திருக்கும்போதோ, அது முடிந்து தாய் மறுமணம் செய்யாதிருக்கையில் 280 நாட்களுக்குள்ளோ பிறந்த பிள்ளை கணவனின் பிள்ளைதான் என்று சட்டம் கொள்ளும். அதை அசைப்பது லேசான வேலை இல்லை. ஆகவே யாராவது பரிசோதனைக்கு என்று வந்தால், மாதிரி எடுக்கும் குச்சியைத் தொடுவதற்கு முன் சட்டத்தரணியைப் பார்த்தீர்களா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

கோப்பு என் கைக்கு வந்தபோது பார்த்தால், சாதாரணமாக ஒவ்வொன்றாக வரும் சிக்கல்கள் எல்லாம் ஒரே வழக்கில் கூடியிருந்தன. இளைஞர் ஐந்து வாரத்துக்கு முன் ஆட்டோ கவிழ்ந்து தொடை எலும்பு முறிந்தவர், கொழும்புக்குப் பயணம் செய்ய முடியாது. பிள்ளை தாய்ப்பால் குடிக்கிறது. மாதம் ஜூன், மலையில் மழை விடாமல் பெய்துகொண்டிருக்கிறது. இவ்வளவும் போதாதென்று இளைஞரின் வீட்டார், "அந்த லயத்துப் பக்கம் அடிக்கடி போய் வந்தது இவன் தம்பிதான்" என்று பேச்சைக் கிளப்பிவிட்டிருந்தார்கள்.

இரத்தம் ஏற்றிய விடயம் கோப்பில் இல்லை. நான் போனில் கேட்டதால்தான் தெரிந்தது. ஒப்பரேஷனில் இரத்தம் ஏற்றினார்களா என்று இளைஞரின் அம்மாவிடம் கேட்டேன். "ரெண்டு பைந்து ஏத்துனாங்க மிஸ், அதுலதான் மகன் பொழச்சான்" என்றார். யாரும் இதை ஒளிக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

எச்சிலில் என்ன இருக்கிறது

அம்மாயியின் கேள்விக்கு வாசலில் வைத்தே பதில் சொல்ல முயன்றேன். பாதிதான் ஏறியது. இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

நம் பேச்சில் உறவு என்றாலே இரத்தம். இரத்த பாசம், இரத்தச் சொந்தம், ஒரே இரத்தம். எச்சில் என்றால் தீட்டு, தூக்கிப் போடுவது. ஆகவே நீதிமன்றத்துக்குப் போகும் சான்று எச்சிலாக இருக்கலாம் என்பதை மனம் ஏற்பதில்லை. ஆனால் இரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான செங்குழியங்களில் கரு கிடையாது, ஆகவே இந்தப் பரிசோதனைக்கு வேண்டிய டி.என்.ஏ.வும் கிடையாது. ஒரு குழாய் இரத்தம் எடுத்தாலும் ஆய்வுகூடம் தேடுவது அதற்குள் சொற்பமாக இருக்கும் வெண்குழியங்களைத்தான். கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்தெடுக்கும் பஞ்சுக் குச்சியிலும் நாங்கள் தேடுவது எச்சிலை அல்ல. கன்னத்தின் உட்சுவரிலிருந்து உரிந்து வரும் தோல் கலங்களைத்தான். வெண்குழியத்தில் இருப்பதும் கன்னக் கலத்தில் இருப்பதும் ஒரே டி.என்.ஏ. ஒன்று சுத்தம், மற்றது மட்டம் என்று எதுவும் இல்லை.

இரத்தத்துக்கு இந்த மரியாதை வந்ததில் கொஞ்சம் வரலாறும் உண்டு. டி.என்.ஏ.க்கு முன்பு இரத்தக் குரூப்பை வைத்துத்தான் பார்த்தார்கள். அதனால் ஒருவரைத் தந்தை இல்லை என்று சில வேளை விலக்க முடியும், தந்தைதான் என்று நிறுவ முடியாது. 1984இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெப்ரிஸ் டி.என்.ஏ. கைரேகை முறையைக் கண்டறிந்தபோதும் அதற்கு நிறைய டி.என்.ஏ. தேவைப்பட்டது, எனவே அப்போதும் இரத்தம்தான் வசதி. கொரோனாக் காலத்தில் நம் தோட்டங்களில் எல்லோர் வாயிலும் புழங்கிய பி.சி.ஆர்., அதாவது கொஞ்ச டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்கும் முறை, வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. இப்போதைய பரிசோதனைக்கு ஒரு நனோகிராம் போதும். கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 150 கலங்கள். ஒழுங்காகத் தேய்த்த ஒரு குச்சியில் அதைப்போலப் பல மடங்கு ஏறும்.

கையில் இருந்த வழிகள்

முதலாவது, எல்லோருக்கும் பிடித்த வழி. கையில் ஊசி போட்டு ஊதா மூடிக் குழாயில் இரத்தம் எடுப்பது. ஊதா மூடி என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பச்சை மூடிக் குழாயில் இரத்தம் உறையாமலிருக்கப் போட்டிருக்கும் ஹெப்பாரின் பி.சி.ஆரை முடக்கிவிடும். தாய்க்கு இந்த வழியில் ஒரு பிரச்சினையும் இல்லை. ஏழு மாதப் பிள்ளைக்கு நரம்பு தேடுவது பெரும்பாடு. இளைஞருக்கோ இரண்டு பைந்து அடுத்தவர் இரத்தம் ஏறியிருக்கிறது. ஏற்றிய இரத்தத்தோடு கொடுத்தவரின் வெண்குழியங்களும் கொஞ்சம் வரும். அவை பெரும்பாலும் விரைவில் மறைந்து, பெற்றவரின் சொந்தக் கலங்களே மேலோங்கி நிற்கும். ஆனாலும் பெரிய காயம் பட்டு இரத்தம் ஏற்றியவர்களில் சிலரிடம் அவை நீண்ட காலம் தங்குவதுண்டு. அதனால் இரத்தம் ஏற்றியவர்களிடம் இரத்தத்தையே மாதிரியாக எடுப்பதானால் மூன்று மாதம் போகட்டும் என்று ஆய்வுகூடங்கள் சொல்வது வழக்கம். ஐந்தாம் வாரத்தில் எடுத்து, அறிக்கையில் "கலப்பு" என்ற ஒரு சொல் வந்துவிட்டால், அதை வைத்தே வழக்கை ஒரு வருடம் இழுக்கலாம். எலும்பு மச்சை மாற்றியவர்கள் என்றால் சிக்கல் இன்னும் ஆழம். அவர்களின் இரத்தத்தில் ஓடுவதே கொடையாளியின் டி.என்.ஏ.தான்.

இரண்டாவது, விரல் நுனியில் குத்தி இரத்தத்தை எப்.டி.ஏ. அட்டையில் சொட்ட விடுவது. மலைநாட்டுக்கு என்று கேட்டால் எனக்கு மிகவும் பிடித்த வழி இது. அட்டையில் ஏற்றியிருக்கும் இரசாயனம் கலங்களை உடைத்து டி.என்.ஏ.வைக் காகிதத்தோடு பிணைத்துவிடும், கிருமி வளரவும் விடாது. காய்ந்த பிறகு ஐஸ் பெட்டி தேவையில்லை, சாதாரண உறையில் அனுப்பலாம், வருடக்கணக்கில் கெடாது. பிள்ளைக்குக் குதிகாலில் ஒரு குத்து போதும். ஆனால் இதுவும் இரத்தம்தான், இளைஞரின் இரண்டு பைந்துப் பிரச்சினை இங்கேயும் தொடர்கிறது. தாய்க்கும் பிள்ளைக்கும் அட்டை, அவருக்கு மட்டும் குச்சி என்று எடுக்கலாமா என்று ஆய்வுகூடத்தைக் கேட்டேன். தாராளமாக எடுக்கலாம், ஒப்பிடுவதில் ஒரு தடையும் இல்லை என்றார்கள். விஞ்ஞானப்படி சரி. ஆனால் நீதிமன்ற வராந்தாவில் அதை யார் விளக்குவது? "எங்க புள்ளகிட்ட ரத்தம் எடுத்தாங்க, அவன்கிட்ட எச்சி எடுத்துட்டு விட்டுட்டாங்க" என்ற பேச்சு அன்று மாலையே இரண்டு டிவிசனையும் சுற்றிவரும். மூவருக்கும் ஒரே முறை என்று நான் முடிவு செய்ததற்கு உண்மையான காரணம் இதுதான்.

மூன்றாவது வழியை இளைஞரே சொன்னார். கால் நடக்காது, ஆகவே குச்சியை வீட்டுக்கு அனுப்பி வையுங்கள், நானே தேய்த்துத் தபாலில் போடுகிறேன் என்றார். கடையில் கூட வேலை செய்பவர் ஒருவர் இணையத்தில் அப்படி வாங்கினாராம். அப்படிச் செய்யும் பரிசோதனைகள் உண்டுதான், சொந்த மன நிம்மதிக்குச் செய்துகொள்பவர்களுக்கு அது போதும். ஆனால் உறைக்குள் வரும் குச்சி யாருடைய வாயிலிருந்து வந்தது என்பதை எந்த இயந்திரமும் சொல்லாது. அவர் ஏமாற்றுவார் என்று நான் நினைக்கவில்லை. நாளைக்கு அறிக்கை அவருக்குச் சாதகமாக வந்தாலும் மறுதரப்பு அதை நம்பாது என்பதைச் சொன்னேன். புரிந்துகொண்டார்.

அடுத்ததாக அம்மாயி கொண்டுவந்த கைக்குட்டை முடிச்சு. ஒரு பல் துலக்கும் பிரஷ், ஒரு சவர பிளேட். "அவன் எங்க காம்பராவுல தங்குனப்ப விட்டுட்டுப் போனது." இரண்டிலும் டி.என்.ஏ. கிடைக்க வாய்ப்பிருக்கிறது. காணாமற்போனவர், இறந்தவர் விடயத்தில் இப்படிப்பட்ட பொருட்களைத்தான் தேடிப் போவார்கள். ஆனால் ஆள் உயிரோடு, சம்மதத்தோடு இருக்கும்போது அவருக்குத் தெரியாமல் பிரஷை அனுப்புவது முறையும் இல்லை, அதை யார் யார் பாவித்தார்கள் என்பதற்குச் சாட்சியும் இல்லை. முடி கொண்டுவருபவர்களும் உண்டு. வேரோடு பிடுங்கிய முடி என்றால் ஓரளவு பார்க்கலாம். சீப்பில் சிக்கிய, வேரில்லாத முடியில் பெரும்பாலும் மிஞ்சுவது தாய்வழி வரும் டி.என்.ஏ. மட்டுமே, அதை வைத்துத் தகப்பனைக் கண்டுபிடிக்க முடியாது.

பிரஷை வாங்க மாட்டேன் என்றதும் அம்மாயி பிள்ளையின் அரைஞாணைத் தூக்கிக் காட்டினார். அதில் ஒரு சிறிய வெள்ளித் தாயத்து. உள்ளே பிள்ளையின் காய்ந்த தொப்புள்கொடி. "புள்ளைய ஒண்ணும் செய்யாதீங்க. இதுல கொஞ்சம் வெட்டி எடுத்துக்கங்க." இத்தனை வருட வேலையில் என்னை அப்படி ஒரு கணம் நிறுத்திய மாதிரி வேறில்லை. அவர் சொன்னதில் பிழையே இல்லை. தொப்புள்கொடி பிள்ளையின் சொந்தத் திசு, நன்றாகக் காய்ந்திருந்தால் அதிலிருந்து டி.என்.ஏ. எடுக்கலாம். பிள்ளை இல்லாமற்போன ஒரு வீட்டில் அந்தத் தாயத்துதான் ஒரே சான்றாக இருக்கக்கூடும். ஆனால் பிள்ளை இதோ மடியில் சிரித்துக்கொண்டிருக்கிறான். தாயத்து அதன் இடத்திலேயே இருக்கட்டும் என்றேன்.

மிஞ்சியது கன்னத்துக் குச்சி. நேரில், சாட்சிகள் முன்னால், மூவருக்கும் ஒரே நாளில். எங்கே என்பதுதான் கேள்வி. கொழும்பு என்றால் தாய்க்குப் பஸ்ஸில் ஐந்து மணித்தியாலம், கைப்பிள்ளை, ஒரு நாள் பேர் (கூலி) போய்விடும். இளைஞரால் வரவே முடியாது. ஹட்டனில் எடுப்பதற்கு நீதிமன்றத்தின் அனுமதியைச் சட்டத்தரணிகள் பெற்றுத் தந்தார்கள்.

முந்தைய வருடம் நான் செய்த தவறு

குச்சியைத் தெரிந்தெடுத்த பிறகும் எனக்கு ஒரு பயம் இருந்தது. அதற்குக் காரணம் நானே.

முந்தைய வருடம் ஜூலையில் வேறொரு குடும்பத்துக்குக் குச்சி எடுத்தேன். கொட்டும் மழை. உறை நனைந்துவிடுமே என்று, பாதி ஈரமாக இருந்த குச்சிகளை இழுத்து மூடும் பொலித்தீன் பைக்குள் போட்டு அனுப்பினேன். அது வெள்ளிக்கிழமை, திங்கள் போயா விடுமுறை. பார்சல் நான்கு நாள் எங்கோ கிடந்து, செவ்வாய் போய்ச் சேர்ந்தது. பிள்ளையின் குச்சியில் பூஞ்சணம். பெரியவர்களின் குச்சியில் கொஞ்சம் கிடைத்தது, பிள்ளையினுடையதில் ஒன்றும் இல்லை. அந்தத் தாய் இரண்டாம் முறை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தபோது எனக்கு முகத்தைப் பார்க்கவே கூசியது. மழையிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறேன். டி.என்.ஏ.வுக்குச் சாதாரண வெப்பநிலை ஒன்றும் செய்யாது. ஈரம் இருந்தால் பக்டீரியாவும் பூஞ்சணமும் வளரும், அவைதான் தின்று தீர்க்கும். எனவே காகித உறை, முழுக்கக் காய்ந்த குச்சி, வாரத்தின் தொடக்கத்தில் அனுப்புவது. காலண்டரில் போயாவைப் பார்க்காமல் இப்போது நான் நாள் குறிப்பதில்லை.

எடுத்த நாள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. இளைஞரை இருவர் தாங்கி ஆட்டோவிலிருந்து இறக்கினார்கள். உதடு சிவந்திருந்தது, வழியில் வெற்றிலை போட்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஒரு மணித்தியாலம் எதுவும் சாப்பிட வேண்டாம், வெற்றிலை வேண்டவே வேண்டாம் என்று முந்தின நாள்தான் போனில் சொல்லியிருந்தேன். பாக்கின் துவர்ப்பும் சுண்ணாம்பும் புகையிலைத் தூளும் குச்சியில் ஏறினால் பி.சி.ஆர். சண்டித்தனம் செய்யலாம். சரி, வாயை நன்றாகக் கொப்பளிக்க வைத்து, பல்லிடுக்கில் இருந்ததைத் துப்ப வைத்து, ஒரு மணித்தியாலம் உட்கார வைத்தோம். அந்த நேரத்தில் பத்திரங்களை எழுதி முடித்தேன்.

பத்திர வேலை இந்தப் பரிசோதனையில் பாதி. ஒவ்வொருவரின் அடையாள அட்டை இலக்கம், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் இலக்கம், அங்கேயே எடுத்த படம், சம்மதக் கையொப்பம், பெருவிரல் அடையாளம், சாட்சிகள். தாயின் பெருவிரலை மையில் அழுத்தினோம், ரேகை விழவில்லை. மறுபடி அழுத்தினோம், கறுப்பாக ஒரு பொட்டு மட்டும். கொழுந்து கிள்ளிக் கிள்ளி நுனித்தோல் தேய்ந்து, வெடிப்புகளில் கொழுந்துக் கறை ஏறிக் கிடந்தது. வெந்நீரில் கையை ஊற வைத்து, மூன்றாம் தடவை இடது பெருவிரலில்தான் தெளிவாக ஒன்று கிடைத்தது. எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் அவர் கையெழுத்துப் போட்டார், ஒவ்வொரு பக்கத்தையும் படித்த பிறகு.

முதலில் தாய். புதுக் கையுறை. குச்சியின் பஞ்சு நுனியை விரல் தொடாமல் உறையிலிருந்து எடுத்து, கன்னத்தின் உட்புறத்தில் அழுத்தி, உருட்டி உருட்டி முப்பது விநாடி தேய்க்க வேண்டும். பஞ்சை எச்சிலில் நனைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எச்சிலுக்கு இங்கே வேலை இல்லை, உரசல்தான் கலத்தைக் கொண்டுவரும். ஒரு கன்னத்துக்கு இரண்டு, மொத்தம் நான்கு குச்சி. ஆய்வுகூடம் இரண்டு போதும் என்றது. நான் நான்கு எடுத்தேன், முந்தைய வருடத்துப் பயம். அந்த இரண்டு மேலதிகக் குச்சிகள் பிறகு வேலைக்கு வந்தன.

கையுறையை மாற்றி, மேசையைத் துடைத்து, இளைஞர். கொரோனாக் காலத்துக் குச்சியை நினைத்துத் தலையைப் பின்னால் இழுத்தார். "மூக்குலயா?" "இல்லை, கன்னத்தில்தான்." நான்கும் எடுத்தாகிவிட்டது. முதல் குச்சியில் இன்னும் இலேசான செம்மை தெரிந்ததால் அதைத் தள்ளிவிட்டு ஐந்தாவதாக ஒன்று எடுத்தேன், தள்ளியதையும் பத்திரத்தில் எழுதினேன்.

பிள்ளைக்குத்தான் நேரம் போனது. தாய்ப்பாலில் தாயின் கலங்கள் இருக்கும். பால் குடித்த வாயில் குச்சியை விட்டால் தாயும் பிள்ளையும் சேர்ந்தே வருவார்கள். கடைசியாகப் பால் குடித்து ஒரு மணித்தியாலமாவது ஆக வேண்டும். ஏழு மாதப் பிள்ளைக்குத் தாயின் மடியில் உட்கார்ந்துகொண்டு ஒரு மணித்தியாலம் பால் இல்லை என்றால் எப்படி? தாயை வெளியே அனுப்பிவிட்டு அம்மாயி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடந்தார், எங்கள் கூரைத் தகரத்தில் விழும் மழையைக் காட்டினார், ரயில் சத்தத்தைக் காட்டினார். பிறகு சுத்தமான மெல்லிய துணியைக் கொதித்தாறிய நீரில் நனைத்து வாயைத் துடைத்துவிட்டு, சிறு குச்சியால் தேய்த்தேன். கீழே முளைத்திருந்த இரண்டு பல்லால் குச்சியைக் கவ்விக்கொண்டான். விடவே இல்லை. இளைஞர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வந்தவர் சொல்லவில்லை.

குச்சிகளை ஆள் வாரியாகத் தனித்தனித் தாங்கிகளில் நிறுத்தி, ஒன்றோடொன்று படாமல் காய விட்டேன். கொழும்பில் அரை மணித்தியாலத்தில் காய்வது அன்றைய மூட்டத்தில் இரண்டரை மணித்தியாலம் எடுத்தது. ஹீட்டர் வைத்து அவசரப்படுத்தவில்லை. இரு சட்டத்தரணிகளின் உதவியாளர்களும் அதுவரை அங்கேயே இருந்தார்கள், மூன்று தேநீர் குடித்தார்கள். காகித உறை, ஆளுக்கொன்று, ஒட்டிய இடத்தின் குறுக்கே இரு தரப்புக் கையொப்பம், பிறகு கிழித்தால் காட்டிக்கொடுக்கும் பட்டி. மூன்றும் ஒரு பெரிய உறைக்குள், உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம். கூரியரில் போடலாம்தான். கை மாறும் ஒவ்வொரு இடமும் ஒரு கேள்வி என்பதால் மறுநாள் காலை பஸ்ஸில் நானே கொண்டுபோய், முத்திரையைப் பார்த்து ஒப்பமிட வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தம்பி விடயத்தையும் அங்கே எழுத்தில் கொடுத்தேன். இதைப் பலர் மறைக்கிறார்கள், குடும்ப மானம் என்று. தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் வரும் வை நிறமூர்த்தம் (Y குரோமோசோம்) தந்தைக்கும் அவருடைய சகோதரனுக்கும் ஒன்றேதான். பிள்ளை ஆண் என்பதால் அதை வைத்துப் பார்த்தால் அண்ணனும் பொருந்துவார், தம்பியும் பொருந்துவார். ஆகவே மற்ற நிறமூர்த்தங்களில் அதிக இடங்களைப் பார்க்க வேண்டும், தாயின் மாதிரியும் கட்டாயம் வேண்டும். முன்கூட்டித் தெரிந்தால் அதற்கேற்றபடி செய்வார்கள்.

அறிக்கை

மூன்று வாரத்தில் போன் வந்தது. அறிக்கை தயார் என்று சொல்ல அல்ல, ஒரு இடத்தில் முரண் என்று சொல்ல.

எளிதாகச் சொன்னால் இப்படி. டி.என்.ஏ.யில் சில இடங்களில் ஒரு சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை என்பது ஆளுக்கு ஆள் வேறு. ஒவ்வொரு இடத்திலும் பிள்ளைக்கு இரண்டு எண், ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தந்தையிடமிருந்து. பார்த்த 21 இடங்களில் 20இல் எல்லாம் பொருந்தியது. ஒரே ஒரு இடத்தில் பிள்ளைக்கு 12, 17. பன்னிரண்டு தாயுடையது. பதினேழு தந்தையிடமிருந்து வந்திருக்க வேண்டும், இளைஞரிடம் இருந்ததோ 16, 19.

தந்தை இல்லை என்று உடனே சொல்லிவிட முடியாது. தலைமுறை மாறும்போது இந்த எண்ணிக்கை சில வேளை ஒன்று கூடியோ குறைந்தோ போகும், பதினாறு பதினேழாவது அப்படித்தான். அதனால்தான் ஒற்றை முரணை வைத்து எந்த ஆய்வுகூடமும் ஒருவரை விலக்குவதில்லை. ஆனால் இங்கே தம்பி ஒருவர் பேச்சில் இருக்கிறாரே? பெரியப்பாவாக இருப்பவரைத் தந்தையாக வைத்துப் பார்த்தாலும் பல இடங்கள் பொருந்தத்தான் செய்யும். ஆனால் அப்போது முரண் ஒன்றோடு நிற்பது அரிது, வழக்கமாகப் பல வரும். ஆய்வுகூடம் சந்தேகத்துக்கு இடம் வைக்க விரும்பவில்லை. மிச்சமிருந்த குச்சிகளில் மறுபடி டி.என்.ஏ. எடுத்து, வேறொரு கிட் பாவித்து மேலதிக இடங்களையும் பார்த்தார்கள். குச்சி மிச்சம் இருந்ததால் யாரையும் திரும்பக் கூப்பிட வேண்டி வரவில்லை. வேறெங்கும் முரண் இல்லை.

அறிக்கை அந்த ஒரு இடத்தை மறைக்காமல் கணக்கில் சேர்த்தே, தந்தைமை நிகழ்தகவு 99.99 சதவீதத்துக்கு மேல் என்று வந்தது. அந்த எண் எப்படி வருகிறது என்று பலர் கேட்பார்கள். சம்பந்தமில்லாத ஒருவரைவிட இவர் தந்தையாக இருப்பதற்கு இந்த முடிவுகள் எத்தனை மடங்கு ஆதரவு தருகின்றன என்று முதலில் பார்க்கிறார்கள். அந்த மடங்கு 10,000 என்றால், பரிசோதனைக்கு முன் அவர் தந்தையாக இருக்கும் வாய்ப்பைப் பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால் 99.99 சதவீதம் வரும். நூறு சதவீதம் என்று யாரும் எழுத மாட்டார்கள். விலக்குவது என்றால் மட்டும்தான் பூச்சியம் என்று எழுதலாம்.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த ஒற்றை முரணைப் பிடித்துக்கொண்டு கேள்வி எழுப்பினார் என்று கேள்விப்பட்டேன், அது அவர் வேலை. மாதிரி எடுத்த விதத்தில் மட்டும் ஒரு கேள்வியும் வரவில்லை. தாபரிப்புக் கட்டளை பிறந்தது. இளைஞரின் அம்மா மட்டும் வெகுநாள் வரைக்கும், "ஊசியே போடல, என்ன டெஸ்ட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

எங்கள் நிலையத்துப் படிவத்தின் முதல் பக்கத்தில் இப்போது பேனையால் எழுதி ஒட்டிய ஒரு வரி இருக்கிறது, தமிழிலும் சிங்களத்திலும்: கடந்த மூன்று மாதத்தில் உங்களுக்கு இரத்தம் ஏற்றினார்களா?

அடுத்த வருடம் ஏப்ரலில் அதே இளைஞர் வந்தார். தொடையில் போட்ட கம்பியைக் கழற்றுவதற்கு முன் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். நொண்டல் கொஞ்சம்தான். கையை நீட்டி, ஊதா மூடிக் குழாய் நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதையே அன்னைக்கு எடுத்திருக்கலாமே மிஸ்?"

"இன்னைக்கு எடுக்கலாம். அன்னைக்கு உங்க ஒடம்புல ஓடுனதுல ரெண்டு பைந்து வேற யாரோடதோ."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப அந்த ரெண்டு பேரும் யாரு?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.